தம்பி காட்டிய ஊர்

மெக்சிகோவில் நாங்கள் வசிக்கும் ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் எந்த நாட்டுக்காரி என்று கேட்பதில்லை. எனக்குப் பின்னால் நிற்கும் கடாவைப் பார்த்து, "இதை எப்போது பார்பகோவா போடப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். பார்பகோவா என்பது ஆட்டு இறைச்சியில் மிளகாய் விழுதைப் பூசி, அவகாடோ இலையோடு மண் குழிக்குள் வைத்து மூடி, இரவு முழுவதும் வேக வைக்கும் உணவு. ஞாயிற்றுக்கிழமைகளில் த்லாகொலூலா சந்தைக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி அந்தச் சிவந்த குழம்புக்காகவே வருகிறது. அப்படிப்பட்ட பள்ளத்தாக்கில் ஒரு வெள்ளாட்டுக் கடாவைச் செல்லப் பிராணியாக வளர்ப்பது, செட்டிநாட்டில் நாட்டுக்கோழிக்குப் பெயர் சூட்டி மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு ஒப்பானது.

மெக்சிகோவின் தென்பகுதியில் உள்ள வாஹாக்கா மாநிலத்தில், மாநிலத் தலைநகருக்குக் கிழக்கே, சாப்போதெக் மொழி பேசும் ஒரு சிற்றூரில் நாங்கள் வசிக்கிறோம். என் கணவருக்கு நகரத்தில் வேலை. நான் வீட்டிலிருந்தே கணினியில் பணிபுரிகிறேன். நான் திண்டுக்கல் பக்கத்தில் பிறந்தவள் என்றாலும் ஆட்டைத் தட்டில் பார்த்ததே அதிகம். 2023 பிப்ரவரியில் பக்கத்து வீட்டு அம்மாளின் ஆடு மூன்று குட்டிகளை ஈன்றது. தாய்க்கு இரண்டு குட்டிகளுக்குத்தான் பால் காணும் என்பதால், மூன்றாவதை ஒரு தீவனச் சாக்கில் பொதிந்து எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். புட்டிப் பால் கொடுத்துப் பிழைத்தால் உங்களுடையது, பிழைக்காவிட்டால் யார் குற்றமும் இல்லை என்பது அவர் சொன்ன நிபந்தனை. பிழைத்துக்கொண்டது. "தம்பி" என்று பெயர் வைத்தோம். ஸ்பானிய மொழியில் "தம்பியென்" என்றால் "நானும்தான்", "அதுவும்தான்" என்று பொருள் வருவதால், ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தீராத வேடிக்கையாகிவிட்டது. நான் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஆடு வருவதற்கு முன்னால் நான்கு பிள்ளைகள் "தம்பியென்! தம்பியென்!" என்று கத்திக்கொண்டு வந்து நிற்பார்கள்.

குட்டி ஆட்டை வீட்டில் வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் பட்டறிந்த சிலவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த சில மணி நேரத்துக்குள் தாயின் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். அது கிடைக்காத குட்டியைப் புட்டிப் பாலால் மட்டும் தேற்றுவது கடினம். எங்கள் குட்டிக்கு அந்த அம்மாள் சீம்பாலைக் கறந்து ஊட்டிய பிறகே கொண்டுவந்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. கடாவாக இருந்தால் உரிய வயதில் மருத்துவரைக் கொண்டு காயடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்த கடாவின் வாடை வீட்டுச் சுவரில்கூட ஏறிவிடும். இவற்றையெல்லாம் சரியாகவே செய்தோம். ஆடு தனியாக இருக்கப் பிறந்த விலங்கு அன்று என்பதைத்தான் கவனிக்கத் தவறினோம். துணையில்லாத ஆடு, கண்ணில் படுகிற மனிதர்கள், நாய்கள், பேருந்துகள் அனைத்தையும் தன் மந்தை என்று நினைத்துக்கொள்கிறது. பின்னால் நடந்த தொல்லைகள் பெரும்பாலும் அந்த ஒரு தவறிலிருந்து முளைத்தவை.

முதல் பெரிய இழப்பு தண்ணீர். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை, சில மணி நேரம் வரும். அதை நிலத்தடித் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு, மாடியில் உள்ள "தினாக்கோ" என்ற கறுப்புத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மழை அக்டோபரோடு ஏறக்குறைய நின்றுவிடும்; மே மாதம் மீண்டும் பிடிக்கும் வரை குழாயில் வரும் அளவு குறைந்துகொண்டே போகும். அப்படி வறண்ட ஏப்ரல் மாத இரவு ஒன்றில், தினாக்கோவிலிருந்து துவைக்கும் கல்லுக்கு இறங்கும் ரப்பர் குழாயைத் தம்பி மென்று துண்டாக்கிவிட்டான். காலையில் முற்றம் சேறாகவும் மாடித் தொட்டி காலியாகவும் கிடக்க, அவன் அந்தச் சேற்றின் நடுவில், ஏதோ நல்ல காரியம் செய்து முடித்தவனைப் போலப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தான். லாரித் தண்ணீர் வாங்கினோம். தண்ணீர் லாரியை இங்கே "பீப்பா" என்கிறார்கள். போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த பீப்பாயும் இதுவும் ஒரே சொல்தான் என்பது, பத்தாயிரம் லிட்டருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தபோது கிடைத்த ஒரே ஆறுதல். அன்று முதல் தரையில் எந்தக் குழாயையும் விடுவதில்லை. தொட்டியின் வாயில் மூடுகுழாய் ஒன்றைப் பொருத்தி, இரவில் அதைத் திருகி அடைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன்தான். கேன்காரர் மணி அடித்துக்கொண்டு வரும் நாள் எது என்பதைப் புது ஊரில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தவறவிட்டால் கடைவரை சுமக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது சோளம். மக்காச்சோளம் என்று சொன்னால்தான் நமக்குப் புரியும். இங்கே அது சோறு. மாலையில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊற விடுகிறார்கள். இதற்கு நிஸ்தமால் என்று பெயர். ஒரு கிலோ சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு போதும்; பக்கத்து வீட்டு அம்மாள் அளப்பதில்லை, நீரை நாக்கில் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். சுண்ணாம்பு தோலைக் கழற்றுவதோடு, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கவும் செய்கிறது. இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துச் சென்ற ஐரோப்பாவின் ஏழைகள், அதையே நம்பி உண்டு பெலாக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மாவு மில்லுக்குப் போவார்கள். அரைத்த மாவு சூடாக, ஈரமாக, மழை விழுந்த சுண்ணாம்புச் சுவரின் வாசனையோடு வாளிக்குத் திரும்பும். ஊர்ச் செய்தி முழுவதும் அந்த வரிசையில்தான் கைமாறுகிறது. அதில் மூன்று மாதம் நின்ற பிறகே என் ஸ்பானிய மொழி பேச்சு என்று சொல்லும்படி ஆயிற்று.

அந்த வரிசையில் நான் நின்றிருந்த ஒரு காலையில், சமையலறைக் கதவை முட்டித் திறந்து, மூட்டையிலிருந்த உலர்ந்த சோளத்தைத் தம்பி வயிறு முட்டத் தின்றுவிட்டான். ஆட்டின் இரைப்பை இலைதழைக்கும் புல்லுக்கும் பழகியது. திடீரென்று தானியம் குவிந்தால் அது உள்ளே புளித்து அமிலமாகி, ஆடு நின்றபடியே நொந்துபோகும். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, இடப்பக்க வயிறு பொருமி, கூப்பிட்டாலும் திரும்பாமல் நின்றான். சும்மா விட்டால் சரியாகிவிடும் என்று நான் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். மருத்துவர் வந்து எடைக்கேற்ற அளவில் சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டி, நடக்க வைத்து, இரண்டு நாளைக்கு வைக்கோலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். காயடித்த கடாவுக்குத் தானியம் அதிகமானால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு என்று அவர் எச்சரித்ததால், பாசத்தில் கைநிறையச் சோளம் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டோம். இப்போது சோள மூட்டை மூடி போட்ட இரும்புப் பீப்பாய்க்குள் இருக்கிறது.

வெளியே செல்வது பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், இங்கே கிழமைகளைச் சந்தைகளாலேயே நினைவு வைத்துக்கொள்ளலாம்: புதன் எத்லா, வியாழன் சாச்சிலா, வெள்ளி ஒகோத்லான், ஞாயிறு த்லாகொலூலா. ஊரிலிருந்து சந்தைக்குப் போவது, பின்புறம் இரண்டு பலகைகள் போட்டுத் தார்ப்பாய் கட்டிய சிறு சரக்கு வண்டியில்தான். ஏறும்போது உள்ளே இருப்பவர்கள் அனைவருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்த என் முதல் பயணத்தில் வழி முழுவதும் யாரும் என்னோடு பேசவில்லை. நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன், அவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் ஒரு ஞாயிறன்று, வண்டி புறப்படும் நொடியில், வேலி தாண்டி ஓடிவந்த தம்பி ஒரே தாவலில் பின்பலகையில் ஏறி, இரண்டு பாட்டிமாருக்கு இடையில் நின்றுகொண்டான். இறக்கிவிட வண்டியை நிறுத்தச் சொன்னால் எல்லோருக்கும் நேரமாகும். ஓட்டுநர் அவனுக்கும் ஒரு ஆள் கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கயிறு இல்லாததால் என் துப்பட்டாவை அவன் கழுத்தில் கட்டி, பார்பகோவா மணக்கும் சந்தைக்குள் இழுத்துக்கொண்டு நடந்த அந்த இரண்டு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. மூன்று பேர் விலை கேட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர் பேச்சே இல்லாமல் குனிந்து, கட்டை விரலாலும் நடுவிரலாலும் அவன் இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அங்கே சதை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைக் கொண்டே எடையைச் சொல்லிவிடுவார்களாம். "1,500 பெசோ" என்றார். இது விற்பனைக்கு இல்லை என்றதும் 1,700 என்றார். விலையை ஏற்றுவதற்காக நான் பிகு செய்கிறேன் என்று அவர் நினைத்தது நியாயம்தான். சந்தைக்கு ஆட்டைக் கொண்டுவந்துவிட்டு விற்கமாட்டேன் என்பவளை அவர் எங்கே பார்த்திருப்பார்? இதற்கிடையே தம்பி ஒரு அம்மாளின் கூடையிலிருந்த கீரைக் கட்டில் பாதியைத் தின்று முடித்திருந்தான். அதற்குரிய பணத்தைக் கொடுத்தேன். அவர் மீதிப் பாதியையும் அவன் வாயிலேயே திணித்து, காசு கொடுத்தாகிவிட்டதே, தின்னட்டும் என்றார்.

மற்ற பயணங்களுக்கு அவனைப் பூட்டிவிட்டுத்தான் போகிறோம். எல் தூலே ஊர்க் கோயிலின் முற்றத்தில் நிற்கும் மரத்தின் அடிச் சுற்றளவு ஏறத்தாழ 42 மீட்டர். படத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நேரில் போய் ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் புரியும். இயெர்வே எல் ஆகுவா என்ற இடத்தில் ஊற்று நீரிலுள்ள சுண்ணாம்பு காலங்காலமாகப் படிந்து, உறைந்த அருவியைப் போல மலை விளிம்பில் தொங்குகிறது. பக்கத்து ஊர்களுக்கு இடையிலான தகராறுகளால் அந்தப் பாதை பலமுறை மூடப்பட்டிருக்கிறது என்பதால், திறந்திருக்கிறதா என்று மித்லாவில் விசாரித்த பிறகு வண்டி ஏறுவது நல்லது. எனக்கு மிகவும் பிடித்தது நெசவாளர்கள் வாழும் தெயோதித்லான் தெல் வாயே. சப்பாத்திக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் கொச்சினீல் பூச்சியை ஒரு நெசவாளர் என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார், இரத்தச் சிவப்பு. அதன்மேல் எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சாயிற்று. சுண்ணாம்புப் பொடியைத் தூவினார், ஊதாவாக மாறியது. இந்தச் சிவப்புக்கு ஆசைப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி மருத்துவர் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். வியாபாரம் கைகூடவில்லை. இங்கே அந்தக் கள்ளி மடலின் முள்ளைச் சீவிவிட்டு, வெண்டைக்காயைப் போலப் பொரியல் செய்து சாப்பிடுகிறார்கள். கொழகொழப்பும் அதே மாதிரிதான்.

சட்டம் என்ன என்பதை எங்களுக்குக் கற்பித்ததும் தம்பிதான். 2024 ஆகஸ்டில் மழை நன்றாகப் பெய்து, மில்பா எனப்படும் வயல்களில் சோளத் தட்டையைப் பற்றி அவரைக்கொடி ஏறி, கீழே பூசணி படர்ந்திருந்த நேரம். அவன் இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு வயலுக்குள் புகுந்து மூன்று வரிசை அவரையையும் பூசணிப் பூக்களையும் மேய்ந்துவிட்டான். எங்கள் ஊரில் கட்சித் தேர்தல் கிடையாது. ஊர்ப் பொதுக்கூட்டமே பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது, அவர்களுள் காவல் பணி பார்ப்பவருக்குத் தோபில் என்று பெயர். விடிந்ததும் தோபில் வந்து, ஆடு ஊர்ப் பட்டியில் அடைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிவித்தார். நம் ஊர்களில் முன்பு இருந்த பவுண்டு போன்றதே இது. வயலுக்குச் சொந்தக்காரர், நான், பொறுப்பாளர் ஒருவர் ஆகிய மூவரும் வயலுக்கே போய், அழிந்த வேர்களை ஒவ்வொன்றாக எண்ணி இழப்பீட்டை முடிவு செய்தோம். அங்கே நான் பேரம் பேசவில்லை. அதுதான் சரி என்று பிறகு பலரும் சொன்னார்கள். இழப்பீட்டோடு, வாய்க்கால் தூர்வாரும் தெகியோவில், அதாவது கூலியில்லாத ஊர்ப் பொதுப்பணியில், என் கணவர் ஒரு நாள் அதிகமாக வேலை செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்த அவரைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை என்றாலும், அதற்குப் பிறகே தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள்.

பட்டியிலிருந்து மீட்டு வந்த அதே வாரத்தில் கிழட்டுப் பெட்டை ஆடு ஒன்றை வாங்கித் துணைக்கு விட்டோம். வேலி தாண்டுவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

2025 கோடையில் தெருநாய் ஒன்று அவன் பின்னங்காலைக் கடித்தது. வெறிநோயை நினைத்து நடுங்கிப்போனேன். நாயால் மனிதருக்குப் பரவும் வெறிநோயை ஒழித்த முதல் நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் மெக்சிகோவை அங்கீகரித்திருக்கிறது. ஆண்டுதோறும் நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுவதே அதற்குக் காரணம். இருந்தாலும் நாயின் உரிமையாளரைத் தேடிப் பிடித்துத் தடுப்பூசிச் சான்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மருத்துவர் கவலைப்பட்டது வேறொன்றுக்காக. உயிருள்ள சதையைத் தின்னும் புழுக்களைப் பரப்பும் ஈ ஒன்று, மெக்சிகோவிலிருந்து 1991இல் ஒழிக்கப்பட்டிருந்தபோதும், 2024 நவம்பரில் சியாபாஸ் மாநிலத்தில் மீண்டும் தலைகாட்டி, பிறகு எங்கள் மாநிலத்துக்கும் வந்துவிட்டது. புண்ணின் ஓரத்தில் அது இடும் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். சிறு கீறலானாலும் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்தைத் தெளித்து, காலையும் மாலையும் மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள் நான்கு புழுக்களைக் கண்டேன். கொன்று எறியாமல் சாராயத்தில் போட்டு, அவரிடம் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சாதாரணப் புண் புழு என்று முடிவு வந்தது. அதுவரை தம்பியையும் அவன் துணையையும் முற்றத்தை விட்டு வெளியே விடவில்லை. இப்போதைய நிலையில் வண்டியில் தாவிச் சந்தைக்குப் போகும் கூத்தெல்லாம் நடக்காது. கால்நடையை இடம் மாற்ற உரிய தாள்கள் இல்லாமல் முடியாது.

இனி சொல்ல வேண்டியது பூக்களைப் பற்றி. அக்டோபர் கடைசி நாளிலிருந்து நவம்பர் 2 வரை, இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோவதாக இங்கே நம்பிக்கை. நாம் துலுக்கச் சாமந்தி என்று சொல்லும் பூவின் தாயகம் இந்த மண்தான். செம்பசூச்சில் என்பது அதன் பெயர். கரும்பை வளைத்துத் தோரணமாக நட்டு, இந்தப் பூவையும் கோழிக்கொண்டைப் பூவையும் கட்டி, அதன் கீழே ரொட்டி, பழம், சாக்லேட், இறந்தவருக்குப் பிடித்த உணவு ஆகியவற்றை வைத்து, கோப்பால் பிசினைப் புகைப்பார்கள். 2023இல் பக்கத்து வீட்டு அம்மாள் மறைந்த தம் கணவருக்காக ஒரு நாள் முழுவதும் செலவிட்டு அமைத்த படையலை, அவர் ரொட்டி வாங்கப் போன அரை மணி நேரத்தில் தம்பி இடுப்பு உயரம் வரை மொட்டையடித்துவிட்டான். பூ, கரும்புத் தோகை, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் போயிற்று. நான் அழுகிற நிலையில் போய் நின்றேன். அவர் சற்று நேரம் படையலைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், பிறகு, "அவர் எப்போதுமே சாப்பாட்டுக்கு முன்னதாக வந்துவிடுவார்" என்றார். இரவு விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மீண்டும் பூக்கட்டினோம். மல்லிகை தொடுப்பது போல நான் நாரில் முடிச்சிட்டுத் தொடுத்ததை அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோரணத்தின் நடுவில் கட்டச் சொன்னார்.

கடந்த ஜூன் மாத இறுதியில் அவர் வழக்கம்போலச் செம்பசூச்சில் விதைத்தார். எங்கள் வேலியை ஒட்டி இரண்டு வரிசை கூடுதலாக இருப்பதைப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டேன். மண்ணிலிருந்து நிமிராமலே, "தம்பியென்" என்றார். அவனுக்கு என்று சொன்னாரா, அதுவும் படையலுக்குத்தான் என்று சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அக்டோபரில் பூத்தபோது வேலி இடுக்கில் தலையை நுழைத்து, எட்டிய வரைக்கும் அவனே தின்று தீர்த்தான்.